யோகட் கோப்பையில் சாயும் மிளகாய் நாற்று

யன்னலோரம் மகளோடு யோகட் கோப்பையில் போட்ட மிளகாய் விதை முளைத்து, நூலாய் நீண்டு சாய்கிறது என்கிறீர்கள். தண்டின் அடியைப் பாருங்கள். பச்சையாக, உறுதியாக இருந்தால் வெளிச்சக் குறைதான். விறாந்தைக்கு மாற்றி, காலை வெயில் படவிடுங்கள். மண் மட்டத்தில் தண்டு ஊறி நைந்து கறுத்திருந்தால் நாற்றழுகல். அந்தக் கோப்பையை மண்ணோடு எறியுங்கள், தேறாது.

பிள்ளை கையில் வாளி கொடுத்தால் வெள்ளம்தான்! தெளிக்கும் போத்தலைக் கொடுங்கள். மேல்மண் காய்ந்தால் மட்டும் தெளிக்கட்டும். கோப்பை அடியில் துளை இருக்கிறதுதானே?

புரட்டாதி இப்போதுதான் பிறந்திருக்கிறது, திரும்பப் போடலாம். முளைக்க ஒன்றிரண்டு கிழமை, அப்புறம் நாற்று வளர நாலு கிழமை. ஐப்பசி மழையோடு கிளிநொச்சித் தோட்டத்தில் நட்டுவிடலாம்.