மழைக்கு முன்னால் படகை மூடுவோருக்கு

ஐப்பசி நெருங்கினால் என்னிடம் வருகிற கேள்வியெல்லாம் தார்ப்பாயைப் பற்றித்தான். கரையேற்றி வைத்த ஃபைபர் படகுக்காரர்கள் கேட்டவை இவை.

கனமான தார்ப்பாய் வாங்கி இறுக்கிக் கட்டியும் நடுவில் தண்ணீர் தேங்குகிறது. துணியில் குறையா?

துணியைக் குறை சொல்லாதீர்கள். படகின் இரண்டு விளிம்புக்கும் தட்டையாக இழுத்துக் கட்டினால் எந்தத் துணியும் ஓரிரவில் தொய்ந்துவிடும். மூன்றடிக்கு மூன்றடி பள்ளத்தில் சராசரி நாலு அங்குலம் தண்ணீர் நின்றாலே ஏறக்குறைய 85 லிட்டர், அதாவது 85 கிலோ. ஓர் ஆள் ஏறிப் படுத்த மாதிரி. ஓரத்தில் கயிறு கோக்கிற கண்ணி பிய்ந்து, மொத்தமும் உள்ளே கொட்டும்.

அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, பின்பக்கம் வரை நீளவாக்கில் ஒரு மூங்கிலைக் கவட்டைக் கம்புகள் மேல் தூக்கி நிறுத்துங்கள். விளிம்பைவிட ஒன்றரை அடியாவது உயரம் வேண்டும். கூரை வேய்கிற அதே கணக்குதான். மூங்கில் நுனியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றாவிட்டால் அங்கேதான் முதல் ஓட்டை விழும். தார்ப்பாய் விளிம்பைத் தாண்டி ஓரடி தொங்கட்டும்.

கண்ணி பிய்ந்துபோனதா? கூழாங்கல் ஒன்றைத் துணிக்குள் வைத்து, அதன் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டுங்கள். கண்ணியைவிட இது உறுதி.

இன்னொன்று: அடியில் உள்ள வடிகால் அடைப்பைக் கழற்றி வையுங்கள், பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். ஒரு வருடம் நான் கழற்ற மறந்து, இரண்டு நாள் இறைத்தேன்.

கடைக்காரர் 200 ஜிஎஸ்எம் என்கிறார். நம்பலாமா?

தராசில் வையுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. 18க்கு 12 அடி தார்ப்பாய் சுமார் 20 சதுர மீட்டர். 4 கிலோ இருக்க வேண்டும். இரண்டு கிலோ சொச்சம்தான் இருந்தால் வேறு கடை பாருங்கள். மெல்லிய நீலத் தார்ப்பாய் வெயிலிலேயே நைந்து, விரலால் கிழிபடும்.

பருத்திப் படுதா நல்லதா, பிளாஸ்டிக்கா?

படுதா நனைந்ததும் நூல் உப்பித் தையல் துளை அடைபடும்; காற்றும் போகும். ஆனால் கனம், விலை, காய வைக்கிற பாடு. நனைந்திருக்கும்போது உள்பக்கம் ஏதாவது உரசினால் அந்த இடத்தில் சொட்டும். மூன்று மாத மழைக்கு என் ஓட்டு தடித்த பிளாஸ்டிக்குக்கே.

ஒரு சொட்டு மழைகூட இறங்கவில்லை. ஆனாலும் உள்ளே ஈரம், லைஃப் ஜாக்கெட்டில் பூஞ்சை. ஏன்?

தார்ப்பாய் வியர்க்கிறது. பகலில் உள்ளே எழும் ஆவி, ராத்திரி குளிர்ந்த பிளாஸ்டிக்கில் முத்துமுத்தாகப் படிந்து சொட்டும். சுற்றிலும் மூட்டை மாதிரி கட்டியிருப்பீர்கள். இரண்டு முனையிலும் ஒரு சாண் திறப்பு விடுங்கள், காற்று ஓடட்டும். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் மூடுமுன் படகை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். இன்ஜின் மாட்டுகிற பின்பலகையைத் தனியாகப் பாருங்கள்: போல்ட் துளை வழியே ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் பிளைவுட் சத்தமில்லாமல் உளுத்துப்போகும்.

இன்ஜினையும் சேர்த்து மூடலாமா?

கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நிமிர்த்தியே வையுங்கள், படுக்கப் போட்டால் தங்கியிருக்கும் தண்ணீர் சிலிண்டர் பக்கம் போகலாம். பெட்ரோல் டேங்கைத் தார்ப்பாய்க்கு அடியில் விடவே விடாதீர்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

அவிழ்த்துவிடுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. தார்ப்பாய் பாய்மரப் பாய் மாதிரி ஆகி, படகையே தூக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறிய வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பையும் எடுத்துவிட்டு, படகைத் தள்ளி மேட்டுக்கு ஏற்றி, நாலு பக்கமும் கயிறு போடுங்கள். மழைத் தண்ணீரை மறுநாள் இறைத்துக்கொள்ளலாம்.

தை பிறந்ததும் மடித்து வைக்கும் முறை?

உப்புப் போகக் கழுவி, இரண்டு பக்கமும் காயப்போட்டு, சுருட்டி உத்தரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் வைத்தால் எலி குட்டி போடும்.