பொதுக்காணிப் பங்குக்கு வெள்ளைத்தாளில் அட்வான்ஸ்

கேள்வி: லீசிங் தவணை தவறி என் கிரிப் அறிக்கை (கடன் வரலாற்று அறிக்கை) கெட்டுவிட்டது, வங்கிக் கடன் கிடைக்காது. சேமிப்பை வைத்துச் சின்னதாகக் காணி வாங்கி விற்கத் தொடங்கலாம் என்று நினைத்தேன். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு திருமணமான பெண், அண்ணனோடு பொதுவாக உள்ள 4 பரப்புக் காணியில் தன் பாதியை மலிவாகத் தருவதாக வெள்ளைத்தாளில் எழுதி 4 லட்சம் வாங்கினார். இப்போது அண்ணன் தானே வாங்கப்போவதாக நிற்கிறார். அந்தப் பெண்ணோ, "நன்கொடை உறுதியா எழுதித் தாறன், மிச்சக் காசைக் கொண்டு வாங்கோ" என்கிறார், அதாவது விற்பனைப் பத்திரத்துக்குப் பதில் தானப் பத்திரம். நம்பிக் கெட்டேன். காணியை எப்படி எடுப்பது?

பதில்: எடுக்க முடியாது. உங்கள் கையில் இருப்பது 4 லட்சத்துக்கான பற்றுச்சீட்டு மட்டுமே. இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்பேன் என்ற உடன்படிக்கையும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட மனைவி என்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. யார் நம்பவைத்தார், யார் வாக்கு மாறினார் என்பது வழக்குக்கு உதவாது.

அண்ணனைக் குறைசொல்லவும் இடமில்லை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட கூட்டு உரிமையாளருக்கு மற்றவர் பங்கை முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவருக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் உறுதி முடித்தால் அவர் உங்கள் மீது வழக்குப் போடலாம். முத்திரைத் தீர்வையை மிச்சம்பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதியிருந்தால், அந்த வழக்கில் அதற்குமேல் கொடுத்ததை நிரூபிக்கும் சுமை உங்களுடையது.

என்னைப் பயப்படுத்துவது அந்த நன்கொடை உறுதிதான். இதில் விழுந்து எழும்ப முடியாமல் போனவர்கள் பலர். அண்ணனின் உரிமை விற்பனைக்குத்தான், நன்கொடைக்கு இல்லை என்பது அந்தப் பெண்ணின் கணக்கு. ஆனால் காசு கைமாறியது தெரிந்தால் அது விற்பனையே என்று அவர் வாதிடுவார். வங்கிப் பரிமாற்றமே அவருக்குச் சாட்சி. பிறகு உரித்தில் குறை வெளிவந்தால், விலையே எழுதாத உறுதியை வைத்து எந்தத் தொகையைத் திருப்பிக் கேட்பீர்கள்? போதாததற்கு, கடும் நன்றிமறத்தலைக் காட்டி நன்கொடையை ரத்துச் செய்யும்படி கொடுத்தவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவும் வழியுண்டு.

எல்லாம் சரிவந்தாலும் உங்களிடம் இருப்பது பிரிபடாத பங்கு. எந்த மூலை உங்களுடையது என்று காட்ட முடியாது, வேலி போட முடியாது, வங்கி ஈடு எடுக்காது. அண்ணன் பிரிவிடல் வழக்கு (காணியைப் பிரித்துத் தரக் கேட்கும் வழக்கு) போட்டு அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டால், வழக்கு முடியும்வரை அந்தப் பங்கை விற்கவும் முடியாது. அதற்கு வருடக்கணக்கு ஆகும். கடன் வாங்கும் வழியில்லாத ஒருவரின் முழுச் சேமிப்பும் அதற்குள் முடங்கும். மலிவாகக் கிடைத்ததன் காரணம் இதுதான்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். அண்ணன் வாங்கும்போது, அவர் கொடுக்கும் காசில் உங்கள் 4 லட்சத்தை உறுதி முடியும் அன்றே நொத்தாரிசு முன் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். வட்டிக்கும் அலைச்சலுக்கும் சண்டை பிடிக்க வேண்டாம். மறுத்தால் கோரிக்கைக் கடிதம் அனுப்பி மத்தியஸ்த சபைக்குப் போங்கள். இந்தத் தொகைக்கு அங்கிருந்து இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. காசு கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்கு இருக்கவேண்டும் என்று எண்ணி நடவுங்கள். பற்றுச்சீட்டின் மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அண்ணன் பின்வாங்கி, உங்களுக்கும் ஆசை விடாவிட்டால், முதலில் அவர்கள் இருவரும் நில அளவையாளர் வரைபடத்தோடு பிரிவிடல் உறுதி எழுதட்டும். பிரிந்த துண்டை மட்டும், கணவரும் கையெழுத்திட, விற்பனை உறுதியாக வாங்குங்கள். அதுவரை இன்னொரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.