சோறு குறைந்தால் பொரியலின் உப்பும் குறையணும்

மாவுச்சத்து குறைந்த காய்கறிச் சமையல் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கிராம் கணக்கு எல்லாம் தோராயமானது. 100 கிராம் உண்ணும் பகுதிக்கு உரியது. மாவுச்சத்து என்று சொல்வதில் சர்க்கரையும் நார்ச்சத்தும் அடக்கம்.

ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு கிண்ணம் பொரியல் சாப்பிடுகிறோம். பாதிக்கு மேல் இறங்கவில்லை, உப்புக் கரிக்கிறது. ஒரு மணி நேரத்தில் பசியும் வந்துவிடுகிறது. எங்கே தப்பு?
— வாசகி, கும்பகோணம்

பொரியல் நம் வீடுகளில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் செய்வது. அந்தக் கணக்கில் போட்ட உப்பும் காரமும், அதையே கிண்ணம் நிறையச் சாப்பிடும்போது தாங்காது. கால் கிலோ பீன்ஸுக்கு முக்கால் டீஸ்பூன் உப்பு போடுகிற கை என்றால் கால் டீஸ்பூனோடு நிறுத்துங்கள். மூன்று மிளகாய் ஒன்றாகட்டும். எண்ணெயும் தேங்காயும்தான் கூட வேண்டும்: எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், துருவல் மூன்று டேபிள்ஸ்பூன்.

பசிக்குக் காரணம் வேறு. கால் கிலோ பீன்ஸில் இருப்பது 80 கலோரிக்குள்தான். அதோடு படுத்தால் பசிக்காமல் என்ன செய்யும்? ஆளுக்கு இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். முட்டை ஆகாதென்றால் 75 கிராம் பனீரை உதிர்த்து, அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு சேருங்கள். முன்னதாகப் போட்டால் ரப்பராகிவிடும்.

இன்னொன்று. இருவருக்கும் சேர்த்து அரை கிலோ காயைப் பழைய சின்ன வாணலியிலேயே அடைத்தால் அது வதங்காது, தன் நீரிலேயே வெந்து தொளதொளக்கும். அகலமான சட்டி எடுங்கள், அல்லது இரண்டு தடவையாகச் செய்யுங்கள். வெண்டைக்காய்க்கு இது இன்னும் முக்கியம்: முழுசாகக் கழுவித் துடைத்த பிறகே நறுக்க வேண்டும், மூடி போடக் கூடாது, உப்பு கடைசியில்.

காலிஃபிளவர் சோறு எப்போது செய்தாலும் குழைந்து, ஒரு வாடை வருகிறது. வீட்டில் யாரும் தொடுவதில்லை.
— வாசகி, திருப்பூர்

குழைவதும் வாடையும் ஒரே காரணத்தால்தான்: ஈரம். ஈரமான பூ வதங்குவதற்கு முன் வெந்துவிடும். அளவுக்கு மீறி வெந்த காலிஃபிளவரில் கந்தகச் சேர்மங்கள் வெளிவந்து நாற்றமடிக்கும்.

இருவருக்கு 400 கிராம் பூ போதும். புழு போக, மஞ்சள்தூளும் உப்பும் போட்டுக் கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, அதில் பூவை முழுக்கொத்தாக ஐந்து நிமிடம் மட்டும் போடுங்கள். துருவிய பிறகு இதைச் செய்தால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். வடித்து, துணியில் பரப்பி, அரை மணி நேரமாவது உலர விடுங்கள். பெரும்பாலோர் அவசரப்பட்டுக் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

மிக்ஸி ஜாரை ஈரமில்லாமல் துடைத்து, பாதிக்கு மேல் நிரப்பாமல், விட்டு விட்டு மூன்று நான்கு சுற்று. நொய் அளவு இருக்க வேண்டும். ரவை பதத்துக்குப் போனால் உப்புமாதான். அகலமான சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் தாளித்து, பூவைப் போட்டு, பெரிய தீயில், மூடாமல் நான்கைந்து நிமிடம். கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்கும்போதே அணைத்து, அப்புறம் உப்பு, எலுமிச்சைச் சாறு.

இதில் சாம்பாரை ஊற்றிப் பிசைய நினைக்காதீர்கள். சோறு போல உறிஞ்சாது. குழம்பு தனியாக மிதக்கும். எலுமிச்சை, தேங்காய், கொத்தமல்லி, புளிக்காய்ச்சல் என்று கலந்த சாத வகைகளுக்குத்தான் இது சரி. தயிர் சேர்ப்பதானால் நன்றாக ஆறிய பிறகு, கெட்டித் தயிராக. காலிஃபிளவரில் மாவுச்சத்து 5 கிராம், வடித்த சோற்றில் 28 கிராம். இவ்வளவு மெனக்கெடுவது அந்த வித்தியாசத்துக்காகத்தான்.

அரிசிக்குப் பதில் சாமை, திணை, ராகி சாப்பிட்டால் மாவுச்சத்து குறையும்தானே?
— வாசகர், தர்மபுரி

குறையாது. சமைக்காத சிறுதானியத்தில் 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்துதான். தீட்டாததாக இருந்தால் நார்ச்சத்து கூடும், சத்தும் நல்லது. ஆனால் ஒரு தட்டுக் களி ஒரு தட்டுக் களிதான்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். நாளை முதல் சோற்றை ஒரேயடியாக விட்டுவிடலாமா?
— வாசகர், மதுரை

கூடாது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருந்தளவைக் குறைக்காமல் சோற்றை நிறுத்தினால், சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. அப்போது சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறியிருக்காது என்பதால் தெரியாமலே போகும். மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொட்டாசியத்துக்காகக் காய், பழம், இளநீர் எல்லாவற்றுக்கும் தனி அளவு கேட்க வேண்டும்.

வாழைக்காய் இனிப்பதில்லையே, அதைப் பொரியலாகச் சாப்பிடலாமா? எந்தெந்தக் காய் ஆகாது?
— வாசகி, நாகர்கோவில்

காயில் மாவாக இருப்பதுதான் பழுத்தால் சர்க்கரையாகிறது. ஆகவே வாழைக்காயை உருளைக்கிழங்கோடு சேர்த்துவிடுங்கள். அதே மரத்தின் பூவும் தண்டும் தாராளமாக ஆகும். தண்டை நறுக்கும்போது நாரை விரலில் சுற்றி எடுத்து, மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது.

மண்ணுக்கடியில் விளைவதில் மரவள்ளி 38 கிராம், சர்க்கரைவள்ளி 20, உருளை 17. கேரட்டும் பீட்ரூட்டும் 10-க்குள், கைப்பிடி அளவுக்குக் குற்றமில்லை. முள்ளங்கி 4 கிராம்கூட இல்லை, கவலையே வேண்டாம். கொடியில் காய்த்தாலும் பச்சைப் பட்டாணியில் 14 கிராம் உண்டு. புடலை, சுரை, பீர்க்கு, கோவை, கத்திரி, கீரை வகைகள் எல்லாம் அடிக்கடி சமைக்கலாம். சுரைக்காயில் மட்டும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, சமைத்தாலும் போகாது.

பருப்பைக் குறைத்தால் கூட்டு தண்ணீராகிறது. அரிசி மாவும் கரைக்கக் கூடாது என்கிறீர்கள். எப்படித்தான் கெட்டியாக்குவது?
— வாசகி, சென்னை

தண்ணீரே ஊற்றாதீர்கள். 300 கிராம் புடலையோ சுரையோ உப்போடு மூடி வைத்தால் சிறு தீயில் தன் நீரிலேயே வேகும். ஒரு டேபிள்ஸ்பூன் பாசிப்பருப்பை அளந்து தனியே வேகவைத்தது (அந்த ஒரு ஸ்பூனில் மாவுச்சத்து 8 கிராம் போல வரும்), நான்கு டேபிள்ஸ்பூன் தேங்காய், அரை டீஸ்பூன் சீரகம், ஒரு பச்சைமிளகாய். தேங்காயை மையாக அரைக்க வேண்டும். கொரகொரப்பாக இருந்தால் நீர் தனியே நிற்கும். சேர்த்தபின் ஒரு கொதி போதும், அதற்கு மேல் கொதித்தால் திரிந்த மாதிரி ஆகிவிடும்.

பழமே கூடாதா? மாம்பழக் காலம் வேறு!
— வாசகர், சேலம்

கூடும், அளவுதான் பேச்சு. கொய்யாவில் 14 கிராம் என்றாலும் அதில் 5 கிராம் நார். நடுத்தரப் பழம் ஒன்று சாப்பிடலாம். பப்பாளி 11 கிராம், ஒரு கிண்ணம் சரி. தர்பூசணி 8 கிராம்கூட இல்லை என்பார்கள், ஆனால் யார் 100 கிராமோடு எழுந்திருக்கிறார்கள்? மாம்பழம் 15 கிராம்: இரண்டு துண்டு, சாப்பாட்டோடு. வாழை, பலா, சீத்தா ஆகியவை 23-ஐ ஒட்டி நிற்பவை. பலாவில் இரண்டு சுளை போதும். எதையும் ஜூஸாக்க வேண்டாம், நார் சக்கையோடு போய்விடும்.

கொடைக்கானல் பக்கத்து வெண்ணெய்ப்பழம் கிடைத்தால் விடாதீர்கள்: 8.5 கிராமில் ஆறு கிராமுக்கு மேல் நார். பாலும் சர்க்கரையும் போட்டு அடிப்பதுதான் வழக்கம். அதற்குப் பதில் மசித்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சை சேர்த்து ஆம்லெட்டுக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். அடுப்பில் ஏற்றாதீர்கள், கசந்துவிடும்.