ஸ்டேட்டின் மாத்திரை மறதி நோய்க்கு மருந்தாகுமா? வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு வயது 74. அல்சைமர் என்று உறுதியாகிவிட்டது. ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்தால் ஞாபகம் திரும்பும் என்கிறார் உறவினர். கொடுக்கலாமா?

ஞாபகத்துக்காகக் கொடுக்க வேண்டாம். இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். டோனெபெசில் என்ற மறதி நோய் மருந்தைச் சாப்பிட்டுவந்த சுமார் 640 அல்சைமர் நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு அட்டோர்வாஸ்டேட்டின் 80 மி.கி., இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று 72 வாரம் கொடுத்தார்கள். 2010-இல் வெளியான முடிவில் ஞாபகத்திலும் சரி, பொதுவான நிலையிலும் சரி, பயன் தெரியவில்லை. 406 பேருக்கு 18 மாதம் நடந்த சிம்வாஸ்டேட்டின் ஆய்விலும் (2011) கொலஸ்ட்ரால் இறங்கியது, நோய் தன் போக்கில் முற்றியது. அம்மாவுக்குச் சர்க்கரையோ மாரடைப்போ இருந்தால் இதயத்துக்காக ஸ்டேட்டின் தேவைப்படலாம். அது வேறு கணக்கு.

பிறகு ஏன் இவ்வளவு எதிர்பார்ப்பு?

ஸ்டேட்டின் சாப்பிடுகிறவர்களிடம் மறதி நோய் குறைவு என்று 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆய்வுகள் வந்தன. ஆனால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர். மறக்கத் தொடங்கியவருக்கோ மாத்திரையே மறந்துபோகும். இந்தக் கலப்படத்தைப் பிரித்தெடுப்பது கடினம்.

இந்த எதிர்பார்ப்பு பலிக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். உடம்பின் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கே இருக்கிறது. அதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் உள்ளே நுழைவதில்லை. ஆகவே ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கினால் மூளையிலும் இறங்கும் என்று கொள்ள முடியாது. ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களை அடைக்கிற கெட்ட கொழுப்பு விஷயம் அப்படியல்ல. நடுவயதில் எல்டிஎல் எனும் அந்தக் கெட்ட கொழுப்பு அதிகமாக இருப்பதை 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் சேர்த்தது. கவனிக்க வேண்டிய வயது 45, 75 அல்ல.

ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கி இரண்டு மாதமாகப் பெயர்கள் மறக்கின்றன. நிறுத்தட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், குறிப்பாக இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால். சிலருக்கு இப்படி வரலாம், நிறுத்தினால் சரியாகும் என்று 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துக் குறிப்பில் சேர்த்தது உண்மை. ஆனால் 20,536 பேருக்கு ஐந்தாண்டு நடந்த பெரிய ஆய்வில் சிம்வாஸ்டேட்டின் 40 மி.கி. சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை.

முதலில் டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), வைட்டமின் பி12 இரண்டையும் ரத்தத்தில் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், மறதியும் வரும், ஸ்டேட்டினால் தசைவலியும் எளிதில் வரும். மூன்றுக்கும் மூலம் ஒன்றாக இருக்கலாம். சர்க்கரைக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறையலாம். தூக்க மாத்திரை, சளிக்குப் போடும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லாம் சரியென்றால், அவர் ஸ்டேட்டினைச் சில வாரம் நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்ப்பார். அந்த நாட்களில் மறந்தவற்றை நோட்டில் எழுதி வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

மறதி நோயுள்ள அப்பா இதயத்துக்காக ஸ்டேட்டின் சாப்பிடுகிறார். என்ன கவனிக்க வேண்டும்?

தொடை வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாமல் போகலாம். நாற்காலியிலிருந்து எழத் திணறுகிறாரா, படியேற மறுக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை தேவை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால் ஸ்டேட்டின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். சிம்வாஸ்டேட்டினோடு அது சேரவே கூடாது. மாத்திரை அட்டை அவர் கையில் இருக்க வேண்டாம். சாப்பிட்டதை மறந்து மறுபடி போட்டுக்கொள்வார். கிழமை எழுதிய டப்பாவில் போட்டு நீங்களே கொடுங்கள்.