வாங்கலாமா, வேண்டாமா? கேள்வி-பதில்: கொழுப்புக்கு ஒரு போத்தல்

இரத்தக் கொழுப்பை (கொலஸ்ட்ராலை) குறைக்கும் என்று இரவுச் சந்தையில் விற்ற மருந்தைப் பற்றிப் போன முறை இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு சாமான் பையை நிரப்பிவிட்டன. சுங்கை சிப்புட் முழுக்க இதே கவலைதான் போலிருக்கிறது.

கோயில் மண்டபத்தில் இலவசப் பரிசோதனை என்றார்கள். என் அம்மாவுக்கு 72 வயது. கையில் ஓர் உலோகக் குழாயைப் பிடிக்கச் சொன்னார்கள். ஒரு நிமிடத்தில் கணினியில் 'இரத்தக் குழாய் அடைப்பு' என்று சிவப்பாக வந்ததாம். மறுநாள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து 1,140 வெள்ளிக்கு (ரிங்கிட்) மூன்று போத்தல் கொழுப்பு மருந்து விற்றுவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
— லயத்து வீட்டு மகள்

முதலில் அம்மாவைத் திட்டாதீர்கள். அவரைப் பயமுறுத்தத்தானே அந்தச் சிவப்பு எழுத்து.

கொழுப்பு இருப்பது இரத்தத்தில். ஒரு சொட்டு இரத்தம்கூட எடுக்காமல் அதன் அளவைச் சொல்லும் குழாய் உலகத்தில் இல்லை. நானும் ஒருமுறை வரிசையில் நின்று பிடித்துப் பார்த்தேன். கல்லீரல் கோளாறு என்றது. குழாயடியில் கையை நனைத்துக்கொண்டு மறுபடி வந்து பிடித்தேன். கல்லீரல் தேறிவிட்டது, சிறுநீரகம் கெட்டுவிட்டது! இதைச் சொன்னால் அங்கிருந்த பையன் சிரிக்கிறான். காலையில் நாலரைக்கு எழுந்து ரப்பர் மரம் சீவி, பிள்ளைகளைப் படிக்க வைத்த கிழவிகளின் சேமிப்பு அது. கோயில் நிர்வாகத்துக்கும் ஒரு கேள்வி: மண்டபத்தை வாடகைக்கு விடும்போது என்ன விற்கப் போகிறார்கள் என்று கேட்பதே இல்லையா?

சரி, பணத்துக்கு வருவோம். வீடு தேடி வந்து விற்பதற்கு மலேசியாவில் 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. 300 வெள்ளிக்கு மேற்பட்ட விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். 10 வேலை நாட்களுக்குள் வாங்கியவர் அதை ரத்து செய்யலாம். இன்றே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், போத்தலைத் திறக்காதீர்கள். மசியவில்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. இருதய நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

அப்புறம், அம்மா அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுபவர் என்றால் பெக்கா பி40 என்ற அரசாங்க உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் இலவசமாக இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உண்டு.

போத்தலில் 'மால்' எண் இருக்கிறதே, அப்படியானால் நல்ல மருந்துதானே?

பதிவான பொருள் என்று மட்டும் அர்த்தம். எண்ணில் இலக்கங்களுக்கு அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள். 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் சத்துப் பொருள். இரண்டுமே கொழுப்பைக் குறைக்கும் என்பதற்குச் சான்று அல்ல.

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று ஒட்டிய எண்ணெய் இரண்டு மடங்கு விலை. வாங்கலாமா?

செடி கொடியில் ஏது கொலஸ்ட்ரால்? இரண்டரை வெள்ளிப் பாக்கெட் எண்ணெயிலும் அது கிடையாது. நிறைகொழுப்பைத்தான் பார்க்க வேண்டும். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி, தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. வாழ்நாளெல்லாம் செம்பனைக் குலை வெட்டிய நமக்கே லேபிளைக் காட்டி விற்கிறார்கள்.

வீட்டிலேயே கொலஸ்ட்ரால் பார்க்கும் மீட்டர் வாங்கலாமா?

வேண்டாம். என்னுடையது அலமாரியில் கிடக்கிறது. 25 பரிசோதனைப் பட்டையில் ஐந்தைப் பயன்படுத்தினேன், மீதி காலாவதி. அதற்குப் பக்கத்திலேயே காந்த வளையலும் இருக்கிறது. அதன் விலையை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

எனக்கு மொத்தக் கொழுப்பு 5.6. தமிழ்நாட்டு மச்சானுக்கு 210. எனக்கு ஒன்றுமில்லைதானே?

அலகு வேறு ஐயா. உங்களுடையது லிட்டருக்கு மில்லிமோல், அவருடையது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். 38.67-ஆல் பெருக்குங்கள், உங்களுடையது 217 வரும். மச்சான் உங்களைவிடத் தேவலை. அந்த ஓர் எண்ணை வைத்து மட்டும் முடிவு கட்டவும் முடியாது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு எவ்வளவு, வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, சிகரெட் எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் ஆபத்தைக் கணக்கிடுவார்.

அப்பாவுக்கு 74 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அரசாங்க கிளினிக் கொழுப்பு மாத்திரையால் தொடை வலிக்கிறது என்று நிறுத்திவிட்டார். சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை வாங்கித் தந்திருக்கிறேன், 180 வெள்ளி. இயற்கையானது அல்லவா?

டாக்டரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

அந்த அரிசியில் வேலை செய்வது மோனகோலின் கே. அதற்கு மருந்துலகில் பெயர் லோவாஸ்டாட்டின், அதாவது கொழுப்பைக் குறைக்க கிளினிக்கில் தருகிற ஸ்டாட்டின் வகை மாத்திரையேதான். கிளினிக்கில் அளந்து தருவதை நிறுத்திவிட்டு, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத அதே வகை மருந்தை 180 வெள்ளி கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். இதற்கும் தொடை வலிக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் இன்னும் மோசம்.

ஸ்டாட்டினை நிறுத்தினால் சில வாரங்களிலேயே எல்டிஎல் பழைய இடத்துக்கு ஏறிவிடும். மாரடைப்பு வந்தவருக்கு அது 1.4 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும். தசை வலியைச் சொன்னால் டாக்டர் அளவைக் குறைப்பார், இல்லை வேறு ஸ்டாட்டின் மாற்றித் தருவார். வயதாகிவிட்டது, இனி எதற்கு என்றும் விடாதீர்கள். ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு 75 தாண்டினாலும் அந்த மாத்திரை உதவும்.

ஒரு வெள்ளிக்கு டாக்டரையும் பார்த்து, மாத்திரையும் வாங்கி வருவதாலோ என்னவோ அதற்கு நம்மிடம் மதிப்பில்லை. திங்கட்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். அந்தப் போத்தலையும் கையோடு கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள்.