டப்ளின் வேலையை ஏற்கலாமா?

கேள்வி: கோவையில் ஐடி நிறுவனத்தில் இருக்கிறேன். மனைவி, மூன்று வயது மகள். டப்ளினில் ஆண்டுக்கு 60,000 யூரோ சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. தனிநபர் ஜிடிபியில் (ஒருவருக்கான சராசரி உள்நாட்டு உற்பத்தி) ஐரோப்பிய ஒன்றியத்தில் லக்சம்பர்க்குக்கு அடுத்து அயர்லாந்துதான் என்று படித்தேன். அங்கிருக்கும் நண்பரோ, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்கிறார். எதை நம்புவது?

பதில்: நண்பரை நம்புங்கள். அதற்காக வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அயர்லாந்தின் ஜிடிபி 2015-இல் ஒரே ஆண்டில் சுமார் 25 சதவீதம் உயர்ந்தது. மக்கள் சம்பளம் அப்படியா உயர்ந்தது? இல்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றின. அந்த லாபமெல்லாம் நாட்டின் உற்பத்தியாகப் பதிவானது. இந்த வீக்கத்தைக் கழித்துப் பார்ப்பதற்காகவே அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 2017-இல் தனி அளவீடு ஒன்றைக் கொண்டுவந்தது. தனிநபர் ஜிடிபியில் ஐரோப்பிய ஒன்றியச் சராசரியைப் போல இரு மடங்கு காட்டும் அயர்லாந்து, மக்கள் உண்மையில் நுகரும் பொருள், சேவைகளை வைத்து ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் போடும் கணக்கில் அந்தச் சராசரியை ஒட்டித்தான் நிற்கிறது. உங்களுக்கு உதவும் எண் இதுதான்.

அடுத்தது வாடகை. பணவீக்கக் கணக்கில் சேரும் வாடகை, பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்த சராசரி. அவர்களுடைய வாடகை உயர்வுக்கு 2016 முதல் டப்ளினில் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. நீங்கள் புதிதாகப் போய் இறங்குபவர். இன்றைய சந்தை வாடகையைத்தான் கொடுப்பீர்கள். புதிய ஒப்பந்தங்களின் சராசரி மாதம் 2,000 யூரோவைத் தாண்டிவிட்டது. புள்ளிவிவரம் பொய் சொல்லவில்லை, ஆனால் அது உங்களைப் பற்றியதல்ல.

உங்கள் கணக்கைப் போடுவோம். 2025 வரி விகிதப்படி, கணவன் மனைவி சேர்ந்த கணக்காக வரித்துறையில் பதிந்தால், பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் சுமார் 4,000 யூரோ. பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும். மிச்சத்தில் மளிகை, மின்சாரம், பஸ், குளிருக்கு ஹீட்டர், ஊருக்கு அனுப்பும் பணம். ஒற்றைச் சம்பளத்தில் சேமிப்பு என்பது சிரமம்தான்.

மனைவி வேலைக்குப் போனால் நிலைமை மாறும். உங்களுக்குத் தரப்போவது 'கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்' எனப்படும், முக்கியத் திறன் உள்ளவர்களுக்கான வேலை அனுமதியா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அதுவானால் அவர் தனி அனுமதி வாங்காமலே வேலை பார்க்கலாம். மகளுக்கான காப்பகக் கட்டணத்தையும் அப்போதே விசாரியுங்கள், அவர் சம்பளத்தில் கணிசமான பங்கை அது எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று: வீட்டுக்காரர் ஒரு மாத முன்பணமும் முதல் மாத வாடகையும் கேட்பார். முதல் சம்பளம் வருமுன்பே 4,000 யூரோவுக்கு மேல் வேண்டும். இடமாற்றச் செலவாக அந்தத் தொகையைத் தரும்படி, கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.