ஆடு குட்டி வீசியது: எந்த நோய்க்கு முதலில் பயப்படுவது?

கேள்வி: விலங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் புதிய நோய்களை ஆபத்து வாரியாக வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்றைப் பார்த்தேன். நிபா, பறவைக் காய்ச்சல் எல்லாம் மேலே இருந்தன. என்னிடம் இரண்டு கறவை மாடு, பதினைந்து வெள்ளாடு, சில கோழிகள். போன மாதம் ஓர் ஆடு நிறைசினையில் செத்த குட்டியை வீசியது. என் மனைவி வெறுங்கையால்தான் சுத்தம் செய்தார். எதற்கு முதலில் பயப்படுவது?

பதில்: பட்டியல் இருக்கட்டும். உங்கள் மனைவிக்கு அதற்குப் பிறகு விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி ஏதாவது உண்டா? இருந்தால் உடனே மருத்துவரிடம் போகட்டும். குட்டி வீசிய ஆட்டை வெறுங்கையால் தொட்டதை அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், குட்டி வீசும் ஆடுமாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கன்றுவீச்சு நோயோ (புருசெல்லோசிஸ்) கியூ காய்ச்சலோ யாருக்கும் ஞாபகத்துக்கு வராது. இரண்டுக்கும் மருந்து உண்டு, ஆனால் ரத்தம் சோதித்தால்தான் பிடிபடும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். நோய் மனிதருக்குத் தாவுமா, மனிதருக்குள் பரவுமா, எத்தனை பேரைக் கொல்லும், தடுப்பூசி உண்டா என்று பார்த்துத்தான் வரிசை போடுகிறார்கள். 1998-99இல் மலேசியாவின் பன்றிப் பண்ணைகள் வழியாக வந்த நிபா நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. சுமார் பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள். பறவைக் காய்ச்சல் 1997இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றியது, 6 பேர் இறந்தார்கள். 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிடமும் தென்பட்டது. அது மனிதருக்குள் சுலபமாகப் பரவ ஆரம்பித்தால் என்னாகும் என்ற கவலைதான் அதற்கு மேலிடம் தந்திருக்கிறது.

அது உலகத்துக்கான கணக்கு. உங்கள் பட்டிக்கு, கை தினமும் எதைத் தொடுகிறது என்பதுதான் கணக்கு. நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து கியூ காய்ச்சல் கிளம்பி நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் படுக்கவைத்தது. ஆட்டைத் தொடாதவர்களும் அதில் உண்டு. வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். அது காய்ந்து தூசியாகிக் காற்றில் போய்விடும். அதனால் உங்களுக்கு முதல் இடம் கன்றுவீச்சு நோய், கியூ காய்ச்சல் இரண்டுக்கும்தான்.

மீதி ஆடுகளின் ரத்தத்தையும் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். முடிவு வரும்வரை குட்டி வீசிய ஆடு தனியாக நிற்கட்டும். இனி குட்டி போடும்போது கையுறையும் முகக்கவசமும் வேண்டும். கர்ப்பிணிகள் பக்கத்திலேயே வரக் கூடாது. நஞ்சுக்கொடியை நாய் இழுத்துப் போகாமல் ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம்.

அடுத்த இடம் வெறிநோய்க்கு (ரேபிஸ்). பழைய நோய் என்பதால் புதியவற்றின் பட்டியலில் வராது. ஆனால் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அபூர்வம். மாடு எச்சில் ஒழுக்கி விழுங்க முடியாமல் நின்றால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பலர் வாய்க்குள் கையை விடுகிறார்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம், தயவுசெய்து விடாதீர்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்குக் கிளம்புங்கள்.

கோழிகள் ஒன்றிரண்டு சாவது சகஜம். திடீரென்று கூட்டமாகச் செத்தால் அறுக்காமல், சமைக்காமல் தகவல் சொல்லுங்கள். மாட்டுக்கு வரும் தோல் கழலை நோயும் ஆட்டுக்கு வரும் ஆட்டுக்கொல்லி நோயும் மனிதருக்கு வருவதில்லை.